சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு சம்பளம்

ஜனவரி 2

கடைக்கு அரிசி போடுகிறவர் வருஷத்துக்கு ஒரு டயரி இலவசமாகத் தருவார். போன வருஷம் வரை அதில் பவளக்கா மரக்கறி விலை எழுதினார். இந்த வருஷம் நாயகம் அண்ணை அதைத் தூக்கி என் கையில் தந்து, "மனேஜருக்குத்தான் டயரி," என்றார். சரி, மனேஜர் எழுதுகிறாள்.

லண்டன் ஹரோவில் ஒரு தமிழ்க் கடை. முதலாளி நாயகம் அண்ணை, அவருடைய மனைவி பவளக்கா, நான் தர்மினி. என் கணவர் நிரோஜன் பருத்தித்துறையில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறார். கலியாணம் முடிந்து ஒன்றரை வருஷமாகிறது. அவரை இங்கே கூப்பிட எனக்கு ஆண்டு வருமானம் இருபத்தொன்பதாயிரம் பவுண் இருக்க வேண்டும். ஆறு மாதச் சம்பளத் துண்டில் அது தெரிய வேண்டும், அதே தொகை வங்கிக் கணக்கிலும் விழுந்திருக்க வேண்டும். சட்டத்தரணி கிரிஷாந்தி இதை எனக்கு மூன்று தரம் சொன்னார். ஒரு தரமே எனக்குக் காணும்.

போன ஒக்டோபரில் அண்ணையிடம் நேரே போய் நின்றேன். "அண்ணை, நான் செய்யிறது மனேஜர் வேலை. என்னை மனேஜர் ஆக்குங்கோ, மனேஜர் சம்பளம் தாங்கோ." அண்ணை பவளக்காவைப் பார்த்தார். பவளக்கா தேங்காய்களைப் பார்த்தார். அடுத்த நாள், "ஓம் பிள்ளை," என்றார் அண்ணை. கேட்டால்தான் கிடைக்கும். கேட்கத் தெரியாதவர்கள்தான் லண்டன் சரியில்லை என்கிறார்கள்.

நவம்பரும் டிசம்பரும் விழுந்துவிட்டன. ஏப்ரலோடு ஆறு. மே மாதம் வீசா விண்ணப்பம்.

ஜனவரி 15

சம்பளம் வந்தது. மூன்று.

பவளக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். "கடையில சும்மா இருந்து இருந்து முழங்கால் பிடிக்குதடி," என்றார். பிடிக்கிற முழங்காலோடு நாள் முழுக்க நின்று சமைக்க ஏலுமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. காசு வாங்கும் மேசை இனி எனக்கு. நல்லதுதான், அவர் எல்லோருக்கும் கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்து அனுப்புகிறவர்.

ஜனவரி 26

நிரோஜன் ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறார். வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கிறார்: "மை வைஃப் இஸ் எ மனேஜர். ஷி மனேஜஸ் எ ஷொப். ஷி மனேஜஸ் மீ ஓல்சோ." கடையில் கீரைக்கட்டு அடுக்கிக்கொண்டே நாலு தரம் கேட்டேன்.

அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. கட்டாரில் குளிரூட்டி திருத்தும் வேலை ஒன்று வந்திருக்கிறதாம், இரண்டு வருஷ ஒப்பந்தம். "உம்மட அலுவல் சித்திரைக்குள்ள சரிவந்தா நான் ஏன் பாலைவனத்துக்குப் போறன்? இஞ்ச சந்தைக்குப் போகேலாமல் கிடக்கு. லண்டன் மாப்பிள்ளை எப்ப பறக்கிறார் எண்டு கேக்கிறாங்கள்." சித்திரைக்குள் சரிவரும் என்று பதில் போட்டேன். அவர் கட்டாருக்குப் போனால் இரண்டு வருஷம் அங்கே, பிறகு விண்ணப்பம், பிறகு காத்திருப்பு. எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்தக் கணக்கைப் போடவே தேவையில்லை, அவர் போகமாட்டார்.

பெப்ரவரி 15

நான்கு.

அண்ணை வானை விற்றுவிட்டார். "பழசாப் போச்சு பிள்ளை, இனி திருத்தி வேலையில்லை." இன்று மொத்த வியாபாரக் கடையில் இருந்து இரண்டு பை கருவாட்டோடு பஸ்ஸில் வந்தார். மேல்தட்டில் இருந்தவர்கள் எல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டார்களாம். "சொகுசாக் கால் நீட்டி வந்தனான்," என்றார். நான் சிரித்த சிரிப்பில் ஒரு வாடிக்கையாளர் பயந்துபோனார்.

மார்ச் 4

முருங்கைக்காய் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

மார்ச் 15

ஐந்து. இன்னும் ஒன்று. நிரோஜன் ஆங்கிலப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் மலிவு விற்பனையில் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று படம் அனுப்பியிருக்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. அழகாகத்தான் இருக்கிறார்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. காலையிலேயே ஒரு சண்டை. பஞ்சாங்கத்தில் கைவிசேஷம் கொடுக்க நல்லநேரம் போட்டிருக்கிறது. அது இலங்கை நேரமா, லண்டன் நேரத்துக்கு மாற்றின நேரமா என்று அண்ணைக்கும் பவளக்காவுக்கும் பிடுங்குப்பாடு. பவளக்கா ஊருக்கு அடித்துக் கேட்டார். ஊரில் இரண்டு பஞ்சாங்கம் இரண்டு நேரம் சொல்கிறதாம். கடைசியில் கடைக்குள் ஆள் குறைந்த நேரமே நல்லநேரம் என்று முடிவாயிற்று.

வழக்கமாக அண்ணை வெற்றிலையில் ஒரு பத்துப் பவுண் தாள் வைத்துத் தருவார். அந்த வருஷத்தின் முதல் காசு, ராசியான கையால் வந்தால் வருஷம் முழுக்கக் கை வற்றாது என்று. இன்று வெற்றிலைக்குள் தடித்த கடித உறை ஒன்று இருந்தது.

"இந்த மாசச் சம்பளம் முழுக்க இதுக்க இருக்கு பிள்ளை. நாளைக்குத்தான் போடுறது, இண்டைக்கு நல்ல நாள், என்ர கையாலயே தாறன். கடைசிச் சம்பளம், ராசியா இருக்கட்டும். இதோட உன்ர மனுசன் வந்து சேர வேணும்."

அண்ணையின் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். காலில் விழுந்து வாங்கினேன். பவளக்கா வாழைப்பழம் தந்தார்.

கைவிசேஷத்தை உடைக்கக் கூடாது என்று அம்மா சொல்லுவா. உறையைத் திறக்காமல் வெற்றிலையோடு அறையில் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நிரோஜன் வந்து தன் கையால் உடைக்கட்டும். வாடகையைச் சேமிப்பில் இருந்து கட்டலாம்.

ஆறு. முடிந்தது. சொன்னேனே.

ஏப்ரல் 28

கிரிஷாந்தியின் கந்தோர். எல்லாப் பத்திரங்களையும் அழகாக அடுக்கிக்கொண்டு போனேன். அவர் வங்கிக் கூற்றைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார்.

"தர்மினி, ஏப்ரல் சம்பளத் துண்டு இருக்கு. பேங்கில காசைக் காணேல்லையே."

"கையில தந்தவர்."

"கையிலயோ? ஏன்?"

"வருசப்பிறப்பு."

அவர் பேனையை மேசையில் வைத்தார். நல்ல பிள்ளை, யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரி, விளக்கம் தேவைப்படவில்லை. "கைவிசேஷமோ?"

"ஓம்."

"முழுச் சம்பளமுமோ?"

"ஓம்."

"இப்ப அந்தக் காசு எங்க?"

"சாமிப்படத்துக்குப் பின்னால."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அன்றைக்கே வங்கியில் போட்டிருந்தால்கூட வாதாடிப் பார்க்கலாமாம். இப்போது போட்டால் இன்றைய திகதிதான் விழும், எங்கிருந்தோ வந்த காசு மாதிரித் தெரியும். "இதோட போட்டு மறுத்தாங்கள் எண்டா கட்டின காசும் போகும், பெயரும் கெடும். மே மாசத்தில இருந்து புதுசா ஆறு எண்ணுவம். ஒக்டோபரில முடியும்."

வெளியே வந்து பஸ்ஸில் ஏறி, எதிர்த்திசை பஸ் என்று வெம்பிளி வந்த பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 29

அண்ணைக்குச் சொன்னேன். பின்னுக்குப் போய் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார். பிறகு திரும்பவும் பழைய பக்கத்துக்கே மாற்றினார்.

பின்னேரம் பவளக்கா பள்ளிக்கூடத்தால் வந்தார். அவர் கத்தி நான் இதற்கு முன் கேட்டதில்லை.

"உங்களுக்கு ராசி வேணுமெண்டா பத்துப் பவுணில காட்டியிருக்கலாமே. முழுச் சம்பளத்திலயோ காட்டுறது? இன்னும் ஆறு மாசம். இன்னும் ஆறு மாசம் நான்..." அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ அழாதை பிள்ளை. நீ என்ன செய்வாய்."

நான் அழவில்லை. அவர்தான் அழுதார்.

ஏப்ரல் 30

நிரோஜனுக்குச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

மே 4

இன்று சொன்னேன்.

"அந்தக் காசை நீர் ஏன் பேங்கில போடேல்லை?"

"நீங்கள் வந்து உடைக்க வேணுமெண்டு வச்சனான்."

பின்னால் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. "நான் வரவேணுமெண்டு நீர் வச்ச காசு என்னை வரவிடாமல் செய்திட்டுது, என்ன," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

கட்டார் ஏஜென்சிக்காரன் புரட்டாசி வரை பொறுப்பானாம். "பாப்பம்," என்று வைத்துவிட்டார்.

பார்க்க என்ன இருக்கிறது. ஒக்டோபர் எங்கேயும் ஓடிப்போகாது.

மே 15

ஒன்று. அண்ணை வங்கியில் போட்டுவிட்டு எனக்குப் போன் அடித்து, "விழுந்திட்டுதோ?" என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அடித்து, "வடிவாப் பாத்தனியோ?" என்றார்.

ஜூன் 15

இரண்டு.

ஜூன் 22

நிரோஜன் இப்போது இங்கத்தைய குளிரைப் பற்றிக் கேட்பதில்லை. ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். பெட்டிக்குள் என்றார். வேலை கூடவாம், கூப்பிடப் பிந்தும் என்றார். வெயில் காலத்தில் குளிர்சாதனப் பெட்டிகள் பழுதாகும், உண்மைதான்.

ஜூலை 15

மூன்று. மாம்பழச் சீசன். அண்ணை பஸ்ஸில் மாம்பழப் பெட்டி கொண்டுவந்தார், ஒன்றுகூட நசியவில்லை. கடையில் பெண்கள் சண்டைபிடித்து வாங்கினார்கள். இந்தக் கடையை இப்படியே பத்து வருஷம் நடத்த என்னால் முடியும்.

ஓகஸ்ட் 9

பவளக்காவின் முழங்கையில் கட்டு. பள்ளிக்கூடம் லீவு என்பதால் முதியோர் இல்லம் ஒன்றில் சமையலுக்குப் போகிறாராம், அங்கே அடுப்புத் தட்டுச் சுட்டுவிட்டது. "லீவில வீட்டில இருக்கலாமே அக்கா," என்றேன். "இருக்கலாம்தான்," என்றார். கட்டை அவிழ்த்துச் சோற்றுக்கற்றாழை வெட்டிப் பூசிவிட்டேன். இப்போதெல்லாம் சொந்தக் கடையிலும் காசு வைக்காமல் எதையும் எடுப்பதில்லை, கற்றாழைக்கும் காசு வைத்துவிட்டுப் போனார்.

ஓகஸ்ட் 15

நான்கு.

செப்டெம்பர் 15

ஐந்து.

செப்டெம்பர் 18

மாமிக்கு, நிரோஜனின் அம்மாவுக்கு, சுகம் விசாரிக்கப் போன் எடுத்தேன். "நிரோ மெடிக்கலுக்குக் கொழும்புக்குப் போட்டான் பிள்ளை. உனக்குச் சொல்லேல்லையே?" என்றா.

சொன்னவர் என்றேன்.

புரட்டாசி பிறந்துவிட்டது.

செப்டெம்பர் 19

ஒரு வாடிக்கையாளருக்கு வெண்டிக்காயை இரண்டு தரம் நிறுத்து இரண்டு தரமும் காசு வாங்கிவிட்டேன். அவர் திரும்பி வந்து சண்டை. கட்டார் போகிறவர்கள் போகட்டும். போகிற முகம் எனக்குத் தெரியும், இவருடையது அந்த முகம் இல்லை. ஐந்து மாதச் சம்பளம் விழுந்திருக்கிறது. ஆறாவது விழும்வரை நான் யாருக்கும் போன் எடுக்கப் போவதில்லை.

பின்னேரம் எடுத்தேன். அவர் போனை நிற்பாட்டி வைத்திருக்கிறார்.

செப்டெம்பர் 20

காலையில் அவரே எடுத்தார். நான் பின்னறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன்.

"போன் சார்ஜ் போட மறந்திட்டன். நெஞ்சுப் படம் எடுத்தாச்சு. ஒண்டுமில்லையாம், சுத்தமாம்."

"கட்டார்காரருக்குச் சந்தோசமா இருக்கும்."

"கட்டார்காரருக்கு ஏன்?"

"மெடிக்கல் எண்டு மாமி சொன்னா."

"இதென்ன கதை. உம்மட லோயர்தானே எனக்கு மெசேஜ் போட்டவ, பிரித்தானிய வீசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனை எடுத்து வையுங்கோ எண்டு. கட்டாருக்கு ஏலாதெண்டு போன மாசமே சொல்லிப்போட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா, 'எனக்குத் தெரியும்' எண்டு சொல்லுவீர். அந்தச் சொல்லைக் கேக்க எனக்கு ஏலாது."

எனக்குத் தெரியும் என்றேன். பிறகு வெங்காய மூட்டையொன்றின் மேல் இருந்துகொண்டு நன்றாக அழுதேன். வெங்காயத்துக்கு நடுவில் அழுததால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒக்டோபர் 15

ஆறு.

அண்ணை பால்மாப் பெட்டியொன்றின் மேல் அப்படியே இருந்துவிட்டார். "அப்பாடா. இனிப் பவளத்தைக் கடைக்குக் கூப்பிடலாம்," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் உடனே எழுந்து தேங்காய் உடைப்பதாகப் போய்விட்டார். கடையில் யாரும் தேங்காய் கேட்கவில்லை.

இரண்டு சம்பளம் தாங்குகிற கடை இல்லை இது. நான் இந்தக் கடையின் மனேஜர், எனக்குத் தெரியாதா. வான், பள்ளிக்கூடம், முதியோர் இல்லம். கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். தெளிக்கத் தேவையில்லாத கீரைக்கும் தெளித்தேன்.

ஒக்டோபர் 17

கிரிஷாந்தி சொன்னார், வீசா முடிவு வரும்வரை வேலையும் சம்பளமும் அப்படியே இருக்க வேண்டுமாம், நடுவில் குறைத்தால் ஆபத்து. இதை அண்ணைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேரே பவளக்காவிடம் போனேன். பள்ளிக்கூடத்துத் தொப்பியைக் கழற்றாமல் பஸ் தரிப்பிடத்தில் நின்றார்.

"இன்னும் கொஞ்ச மாசம் அக்கா."

"கொஞ்ச மாசம் என்னடி?"

"நீங்கள் இப்பிடியே... பள்ளிக்கூடத்துக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அதுக்கென்ன. அந்தப் பிள்ளையள் என்ர கையால சாப்பிட்டுப் பழகிட்டுதுகள். பூசணிக்காய் எண்டா ஓடினதுகள், இப்ப ரெண்டாந்தரம் கேக்குதுகள்," என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஒக்டோபர் 24

விண்ணப்பம் போய்விட்டது. கட்டணமும் மருத்துவ வரியும் சேர்த்துப் பெரிய தொகை. கலியாணக் காப்பு நாலையும் விற்றேன். சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிற உறையை எடுத்தால் இரண்டு காப்பாவது மிஞ்சியிருக்கும். கை வைக்க மனம் வரவில்லை. அது யாருடைய காசு என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

ஜனவரி 2

அரிசிக்காரர் புது டயரி தந்தார். அதைப் பவளக்காவுக்குக் கொடுத்தேன், மரக்கறி விலை எழுத. இதில் இன்னும் பக்கம் மிச்சம் கிடக்கிறது, இதையே முடிக்கிறேன்.

பெப்ரவரி 27

வீசா கிடைத்துவிட்டது.

இதற்கு மேல் என்ன எழுதுவது. கிடைத்துவிட்டது. அண்ணையிடம் சொன்னபோது, "வடிவாப் பாத்தனியோ?" என்றார்.

மார்ச் 21

ஹீத்ரோ. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே வந்தார். இன்றைக்குப் பார்த்து நல்ல வெயில், திரும்பவும் நெற்றியெல்லாம் வியர்வை. "என்னப்பா, குளிர் எண்டு சொன்னீர்," என்றார். கையைப் பார்த்துவிட்டு, "காப்பு எங்க?" என்றார். "நீங்கள்தான்," என்றேன்.

ஏப்ரல் 8

நிரோஜனுக்கு வேலை. பெரிய குளிரறைகள் திருத்தும் கொம்பனி, வருகிற திங்கள் தொடக்கம். அடுத்த முறை வீசா நீட்டும்போது இரண்டு பேருடைய வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம் என்று கிரிஷாந்தி சொன்னார். அண்ணையிடம் போனேன். போன தரம் நின்ற அதே இடத்தில் நின்றேன்.

"அண்ணை, என்ர சம்பளத்தைக் குறையுங்கோ. பழையபடி ஆக்குங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்."

"மனேஜர் சொல்லுறன். காசு மேசைக்கு ஆள் தேவை, எனக்குத் தனிய ஏலாது. பவளக்காவைக் கேட்டுப் பாருங்கோ, பள்ளிக்கூடம் விடுமோ எண்டு."

அண்ணை தேங்காய்களைப் பார்த்தார்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. இந்த முறையும் நேரச் சண்டை. நிரோஜன் போனில் பஞ்சாங்கத்தைப் பார்த்து லண்டன் நேரம் சொன்னார். இரண்டு பேரும் நம்பவில்லை. ஆள் குறைந்த நேரம் வந்தது. பவளக்கா ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துக் காசு மேசைக்குப் பின்னால் இருந்தார், புதுச்சேலை, பூ. எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். அண்ணை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் ஒருத்தருக்கும் தரமாட்டன். என்ர கையால காசு குடுத்துப் பட்டது காணும்."

வருஷப்பிறப்பன்று ஒரு கடையில் கைவிசேஷம் இல்லாமல் நிற்பது என்னவோபோல் இருந்தது. நான் என் பையில் இருந்து உறையை எடுத்தேன். போன வருஷத்து வெற்றிலை காய்ந்து ஒட்டிப்போய் இருந்தது, அதன் மேல் புது வெற்றிலை ஒன்று வைத்தேன். நிரோஜனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, பவளக்காவிடம் நீட்டினேன்.

உறையை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஒட்டு உடையாமல் இருந்ததையும் பார்த்தார்.

"விசரி. இதை நீ இன்னும்..." என் கையைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். "சின்னாக்கள் பெரியாக்களுக்குக் குடுக்கிறேல்லை பிள்ளை."

"மனேஜர் குடுக்கலாம்."

"இது உன்ர சம்பளம்."

"உங்கட சம்பளம் அக்கா. எனக்குத் தெரியும்."

நிரோஜன் என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லைக் கேட்க இந்த முறை அவருக்கு ஏலுமாக இருந்தது. பவளக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, தன் கைப்பைக்குள் வைக்கப் போனார். பின்னால் கட்டியிருந்த கையை அப்போதுதான் அண்ணை எடுத்தார்.

"பைக்குள்ள வையாதை பவளம். சாமிப்படத்துக்குப் பின்னாலயும் வையாதை. வா, இப்பவே போய்ப் பேங்கில போடுவம்."